வரவில் எழுதாதது

இவர் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை நான்.
கல்யாணத்துக்கு முந்தின மாசமே
மட்டையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று.
காலில் கட்டுகிற தடித்த பஞ்சுக் கவசம் இரண்டும்
ஒரு மழைக்காலத்தில்
பூனை குட்டிபோட உதவின.

பாங்க் அணிக்குப் பன்னிரண்டு வருஷம் கோல் காத்தவர்.
முழங்கால் போனபின்
கவுன்டரில் உட்கார்த்தினார்கள், செலான் கிழிக்க.
முன்னால் ஒரு கண்ணாடி,
கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை,
ஓட்டை வழியே நீண்டுகொண்டே இருக்கும் கைகள்.
"இங்க வாற எல்லாத்தையும் உள்ள விடணும், கேட்டியா?"
என்றார் ஒருநாள், சட்டையைக் கழற்றியபடி.
மறுமாசம் ராஜினாமா.

தேனீ என்று முடிவானதும்
அதே பாங்குக்குத்தான் கடன் கேட்டுப் போனோம்.
சுவரில் கோப்பையோடு இவர் நிற்கிற படம்,
அடியில் 'சோபனராஜ்' என்று பெயர்கூட.
படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த மேனேஜர்
ஜாமீனுக்கு யார் இருக்கா என்றார்.
என் வளையல் நான்கும்
மார்த்தாண்டத்தில் அடகுக்குப் போயின.

முதல் வருஷம் எண்பது பெட்டி.
புழுக்கள் நீர்கோத்த பைகளாகிச் செத்தன.
ஆடி முடியப் பதினொன்று மிச்சம்.
நான் சிவப்பு மையில் எழுதினேன்.
இவர் காலிப் பெட்டிகளைக் கழுவி
வெயிலில் வரிசையாகக் கவிழ்த்தார்.
"ஆறு கோல் வாங்கின மேட்ச்சிலயும்
எழுபது நிமிசமும் நிக்கணும்."
அதற்குமேல் அந்த வருஷத்தைப்பற்றி
அவர் பேசியதில்லை.

இப்போது அறுநூற்று நாற்பது பெட்டி.
தை பிறந்தால் அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை என்று
டெம்போவில் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றுகிறோம்.
இலை முழுக்க உதிர்த்த ரப்பர்
செப்புநிறத்தில் தளிர்க்கும்போது
இலைக்காம்பிலேயே தேன் கசியும்,
பூக்கும்வரை காத்திருக்காத மரம்.
நாலுபேருக்கு மாசச் சம்பளம்,
ஜி.எஸ்.டி. கட்ட ஓர் ஆடிட்டர்,
வளையல் ஆறு.

போன வருஷம் மதுரையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள்.
"அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப்
பெட்டி பக்கத்துல நில்லுங்க சார்."
இவர் வலைகூடப் போடுவதில்லை.
முகத்தை மூடி நின்றது போதும் என்பார்.
வெறுங்கையால் சட்டத்தை உருவி
அரிசியில் கல் பார்க்கிறவர்போல் சாய்த்துப் பார்ப்பார்.
வற்புறுத்தினார்கள், பரணில் ஏறினேன்.
பழைய வேர்வை நாற்றம் தேனீக்களுக்கு ஆகவில்லை;
முதல் கொடுக்கு போட்டோக்காரர் உதட்டில்.
கட்டுரை வந்தது, படம் வரவில்லை.
'வெற்றிகரமான இரண்டாவது ஆட்டம்' என்று தலைப்பு.
அந்தத் தாளில்
குழித்துறைக் கடைக்கு ரெண்டு பாட்டில் பொதிந்து அனுப்பினார்.

நான் சொல்லவந்தது வேறு.
மார்கழியில் ஒரு மத்தியானம்
வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி பிரிந்துவிட்டது.
பழைய ராணியும் பாதிச் சனமும்
கறுத்த இரைச்சலாகக் கிளம்ப,
சாப்பிட்ட கையோடு ஓடினார்.
அயனி மரத்துக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவே
கெட்ட முழங்காலையும் மடக்கி
இரண்டு கையும் விரித்து,
விரலெல்லாம் புளிசேரிச் சோறு,
கண் மட்டும் அசைய
நின்றார்.
பன்னிரண்டு வருஷமாக ஊர் பார்த்ததை
அரை நிமிஷம் நான் பார்த்தேன்,
அடுக்களை வாசலில், கையில் மோர்ச் செம்போடு.

கூட்டம்
அவர் தலைக்கு ஒரு முழம் மேலே,
கம்பத்துக்கு உள்ளேதான்,
பறந்து போய்
லில்லிபாய் அக்காள் வீட்டுப் பிலாவில் தொங்கியது.

"போச்சு, பாத்தியா!"
சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.
பிறகு கை கழுவி
ஒரு காலிப் பெட்டியைத் தோளில் ஏற்றி
வேலியோரம் போய்க் கூப்பிட்டார்:
"எக்கா, நாயக் கெட்டுங்க."